ஜன்னலுக்குப் போன வானம்

மஸ்தூராவை முதல்முறை பார்ப்பவர்களுக்குக் கொஞ்சம் சங்கடமாக இருக்கும். அவளுடைய இடது கண் எப்போதும் பாதி மூடியிருக்கும். எதிரே இருப்பவர் சொல்வதில் ஒரு வார்த்தையையும் நம்பாத பார்வை. அவள் யாரையும் சுலபத்தில் நம்பமாட்டாள் என்பது உண்மைதான். ஆனால் கண் அப்படி ஆனதற்குக் காரணம் வேலை. முப்பது வருஷம் வலது கண்ணை நுண்ணோக்கியில் பதித்து, இடது கண்ணை இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தால் யார் முகமும் கோணத்தான் செய்யும். துஷான்பேக்கு மேலே, சங்தெப்பாக் குன்றில் இருந்த வானாய்வுக்கூடத்தில் அவள் அளவெடுப்பவள். கண்ணாடித் தகடுகளில் பதிந்த நட்சத்திரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, எது எந்த இடத்தில் நிற்கிறது என்று திருகாணியைத் திருகி அளந்து சொல்ல வேண்டும். குன்றின் குடியிருப்பில் எல்லாருக்கும் அவள் ஆபா, மூத்த அக்கா. "ஆபா கையில மாவை அளக்கக் குடுத்தா ரொட்டி நாளைக்குத்தான்" என்று கேலி பேசுவோம். அவள் காதிலும் விழும். "நாளைக்காவது ஒழுங்கான ரொட்டி தின்னுங்க" என்பாள்.

ஸரஃப்ஷான் பள்ளத்தாக்கிலிருந்து பத்தொன்பது வயதில் வந்தவள். கணக்கு நன்றாக வரும். மேலே படிக்க வைக்க வீட்டில் மனசில்லை; அரசாங்க வேலை என்றதும் தலையாட்டிவிட்டார்கள். வந்த முதல் நாள், அங்கே ஆராய்ச்சியாளராக இருந்த சாஹிப்நசர் ஒரு தகட்டை வெளிச்சப் பலகையில் வைத்து, "என்ன தெரியுது?" என்று கேட்டார். தகட்டில் வானம் வெள்ளையாகவும் நட்சத்திரங்கள் கறுப்பாகவும் இருக்கும்.

"ரொட்டி மேல கருஞ்சீரகம் தூவினாப்ல இருக்கு, முஅல்லிம்" என்றாள். முஅல்லிம் என்றால் வாத்தியார். ஆறு வருஷம் கழித்து அவரையே கல்யாணம் செய்துகொண்டபிறகும் அவள் அப்படித்தான் கூப்பிட்டாள். வேறு எப்படிக் கூப்பிட என்று அவளுக்குத் தெரியவில்லை.

அந்தத் தகடும் அதன் ஜோடியும்தான் சாஹிப்நசரின் வாழ்க்கை. 1953இல், இருபத்து நான்கு வயதில், வானத்தின் இரண்டு துண்டுகளை இரண்டு தடித்த கண்ணாடித் தகடுகளில் படம்பிடித்தார். எங்கள் கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு. படம்பிடித்தவர் கண்ணாடி வெட்டும் வைர ஊசியால் தகட்டின் மூலையில் எண்ணையும் வருஷத்தையும் கீறிவிடுவார். மையால் எழுதினால் அழியும், கீறினால் அழியாது. அப்படிக் கீறி, உறையில் போட்டு வைத்துவிட்டார். இனி காத்திருக்க வேண்டும். ஒரு நாற்பது வருஷம் கழித்து அதே இடத்தை மறுபடி படம்பிடித்து, இரண்டையும் பக்கத்தில் வைத்து, எந்த நட்சத்திரம் எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். நகர்வது ஒரு தலைமுடியின் அகலத்தில் பாதிகூட இருக்காது. அதனால் எவ்வளவு காலம் விடுகிறோமோ அவ்வளவு நல்லது.

எதற்காக இந்தப் பாடு என்று அவள் கேட்டது சாப்பாட்டுக்கூடத்தில், இரண்டு பேர் முன்னாலும் ஷூர்பா சூப் கிண்ணம் இருந்தபோது.

"ராத்திரி மேல தெரியுதே பால்வீதி, நம்ம வைக்கோல் பாதை, அது எப்படி வந்துச்சுன்னு உங்க ஊர்ல என்ன சொல்வாங்க?" என்றார் சாஹிப்நசர்.

"வைக்கோல் திருடினவன் ஓடறப்ப சிந்திக்கிட்டே போனான்னு."

"திருடன்ங்கிறது சரிதான். ஆனா அது திருடினது வைக்கோல் இல்ல, நட்சத்திரம். ஆரம்பத்துல வெறும் ஆவி, பெரிய மேகம். அது சுருங்கிச்சு. சுருங்கச் சுருங்க வேகமா சுத்திச்சு. மாவை வீசி வீசி விரிப்பாங்களே, அதுமாதிரி தட்டையாச்சு. அந்தத் தட்டுல எங்கேயோ ஓரமா நாம உக்காந்து ஷூர்பா குடிக்கிறோம்."

"அவ்வளவுதானா?"

"எல்லாரும் அவ்வளவுதான்னு சொல்றாங்க. ஒரே மேகம், ஒரே பொறப்புன்னு. எனக்கு நம்பிக்கை இல்ல. இது பக்கத்துல வந்த குட்டிப் பால்வீதிகளைப் பிடிச்சு முழுங்கி முழுங்கி வளந்த உடம்பு."

"முழுங்கினது வெளியில தெரியாதா?"

"கலந்துபோச்சு. பாத்தா ஒண்ணும் தெரியாது. ஆனா நடை மாறாது. நம்ம சூரியன், அக்கம்பக்கத்து நட்சத்திரம் எல்லாம் ஒரே பக்கமாச் சுத்துது. வெளியூர்லேர்ந்து வந்தது குறுக்க போகும், சிலது எதிர்த்தே போகும். அப்புறம், அதுங்கள்ல உப்பு கம்மி."

"உப்பா?"

"இரும்பு. முத முதல்ல பொறந்த நட்சத்திரத்துல இரும்பு கிடையாது. நட்சத்திரம் உள்ளுக்குள்ள வெந்து, வெடிச்சு, செத்துப்போறப்பதான் இரும்பை வெளியில கொட்டுது. அதுலேர்ந்து அடுத்தது பொறக்கும். ஒவ்வொரு சட்டிக்கும் ஒரு சிட்டிகை உப்பு கூடிக்கிட்டே போகும். உப்பில்லைன்னா ரொம்பப் பழசுன்னு அர்த்தம்."

மஸ்தூரா ஒரு வாய் ஷூர்பாவைக் குடித்துப் பார்த்தாள். "அப்போ நம்ம கூடத்து ஷூர்பா உலகத்துலயே பழசு" என்றாள். சாஹிப்நசர் சிரித்த சிரிப்பில் அடுத்த மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்களாம். கல்யாணம் அன்றைக்கே முடிவாகிவிட்டது என்று அவள் பிற்பாடு சொல்வாள்.

மனுஷர் தங்கமானவர். ஒரே ஒரு குறை, எதையும் இன்று செய்யமாட்டார். "அவசரப்படாதே, நட்சத்திரம் எங்க போயிடப் போகுது?" என்பது அவர் வாயில் ஊறிய பேச்சு. "போறதைத்தானே முஅல்லிம் நாம அளக்கிறோம்?" என்று அவளும் விடமாட்டாள். எண்பதுகளில் கூடத்தில் இருந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள்: முப்பது வருஷம் ஆகிவிட்டது, கருவி நன்றாக இருக்கிறது, இரண்டாவது தகட்டை எடுத்துவிடுங்கள். "இன்னும் பத்து வருஷம் விட்டா பிழை இன்னும் குறையும்" என்று சாதித்துவிட்டார். குழந்தை விஷயத்திலும் "பாக்கலாம், எங்க போகுது" என்றே இருந்து, கடைசியில் அது போயே போய்விட்டது. அதைப் பற்றி மஸ்தூரா யாரிடமும் பேசியதில்லை. ஊருக்குப் போனால் மற்றவர்கள்தான் பேசினார்கள்.

1992 வந்தது. நாடு இரண்டாகப் பிளந்து அடித்துக்கொண்டது. குன்று இந்த வாரம் ஒரு கூட்டத்தின் கையில், அடுத்த வாரம் இன்னொன்றின் கையில். சம்பளம் கிடையாது, மின்சாரம் கிடையாது. பாதிப் பேர் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த இலையுதிர் காலத்தில்தான் சாஹிப்நசருக்கு அவசரம் வந்தது. அறுபத்து மூன்று வயதில், மஸ்தூரா கையைப் பிடித்துத் தடுக்கத் தடுக்க, கோபுரத்துக்கு ஏறிப் போனார். மோட்டார் ஓடாததால் கூரையைக் கையால் சுற்றித் திறந்து, கருவியையும் கையாலேயே நகர்த்தி, மிச்சமிருந்த இரண்டு புதுத் தகடுகளில் அந்த இரண்டு துண்டு வானத்தையும் பிடித்தார். சரியாக வர வாரக்கணக்கில் ஆனது. பனி இறங்கும் கல் தரையில் கிடந்து எழுந்ததில் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. படம் கழுவ மிச்சமிருந்த மருந்துக் கரைசலில், இருட்டான சமையலறை அலமாரிக்குள் வைத்து அலசி எடுத்துவந்து காட்டியபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, பரீட்சையில் தேறிய சின்னப் பையன் மாதிரி.

"கெடைச்சிடுச்சு மஸ்தூரா ஜான். ரெண்டுமே கெடைச்சிடுச்சு."

"இப்பவே அளந்திடலாம், வாங்க."

"எங்க வெச்சு? அளக்கிற அறையில துப்பாக்கிக்காரனுங்க படுத்திருக்கானுங்க. வசந்தம் வரட்டும். நட்சத்திரம் எங்க போயிடப் போகுது?"

பழைய தகடு இரண்டு, புதுத் தகடு இரண்டு. நான்கையும் கம்பளித் துணியில் சுற்றி, மரப்பெட்டியில் வைத்து, தன் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்துக்கொண்டார். அவர் கெட்டிக்காரத்தனமாகச் செய்த காரியம் அது ஒன்றுதான். அடுத்த மாதமே தகட்டு அறையை உடைத்துப் பெரிய தகடுகளை எல்லாம் வண்டியில் ஏற்றிப் போனார்கள். அதன் பூச்சிலிருந்து வெள்ளி எடுக்கலாம் என்று எவனோ சொன்னானாம்.

அதே நாட்களில் கீழேயிருந்து சுட்ட குண்டுகள் குன்றில் விழுந்தன. எங்கள் குடியிருப்பில் ஒரு ஜன்னல் கண்ணாடிகூட மிஞ்சவில்லை. ஆளுக்கு ஆள் பலகை, தகரம், கம்பளம் எது கிடைத்ததோ அதை வைத்து அடைத்துக்கொண்டோம். பிளாஸ்டிக் தாள் கட்டியவர்களுக்கு முதல் காற்றிலேயே கிழிந்துபோனது. மஸ்தூரா பலகை அடித்து, அதன்மேல் கம்பளம் தொங்கவிட்டாள். குளிர் கொஞ்சம் குறைந்தது. ஆனால் பகலிலும் இருட்டு. மண்ணெண்ணெய் இல்லை. அடுப்பு வாயிலிருந்து வரும் சிவப்பு மட்டும்தான் வெளிச்சம். அதில் புகையும் சேர்ந்துகொண்டது.

சாஹிப்நசர் அந்த இருட்டில் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. டிசம்பர் கடைசியில் சாப்பாட்டையும் நிறுத்திவிட்டார். பக்கத்து வீட்டு ரோஹத் மருத்துவமனையில் நர்ஸாக இருந்தவள். வந்து நெஞ்சில் காது வைத்துக் கேட்டுவிட்டு மஸ்தூராவை வெளியே அழைத்துப் போனாள்.

"மருந்து எங்கிட்ட இல்ல ஆபா. இருந்தாலும் அது மட்டும் போதாது. இப்படி இருட்டுல, புகையில போட்டு வெச்சா மனுஷன் தானா அணைஞ்சிடுவான். வெயில் வேணும், சூடு வேணும். ரெண்டும் ஒண்ணா வேணும்."

"பலகையை எடுத்தா குளிர்ல செத்திடுவார்."

"எடுக்காட்டி இருட்டுல செத்திடுவார். ஒரு கண்ணாடி கெடைக்காதா எங்கயாவது?"

குன்றில் யார் வீட்டில் கண்ணாடி இருக்கிறது? நகரத்துக்குப் போகும் சாலையில் பிணம் கிடந்தது. மஸ்தூரா உள்ளே வந்தாள். சாஹிப்நசர் விழித்திருந்தார்.

"மஸ்தூரா, இப்போ பகலா?"

"பகல்தான்."

"கொஞ்சம் வெளிச்சம் குடேன். கொஞ்சம் போதும்."

வாழ்நாளெல்லாம் இருட்டைத் தேடி மலை ஏறியவர் வெளிச்சம் கேட்டார். அவர் கட்டிலுக்கு அடியில் நான்கு நல்ல கண்ணாடிகள் இருக்கின்றன என்பது அப்போதே அவளுக்கு ஞாபகம் வந்தது. வந்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள். இரண்டு நாள் அந்தப் பெட்டியின் பக்கமே பார்க்காமல் நடமாடினாள். மூன்றாம் நாள் அவருக்கு வெந்நீர்கூட இறங்கவில்லை.

அன்று மத்தியானம் அவர் ஜுர மயக்கத்தில் இருந்தபோது பெட்டியை மெல்ல இழுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு செய்துவிடவில்லை. அவளுக்குத் தெரிந்த கணக்கையெல்லாம் போட்டுத்தான் பார்த்தாள். ஜன்னலின் கீழ்ப்பாதியைச் செங்கல் வைத்து மண் பூசினால், மேல்பாதிக்கு இரண்டு கண்ணாடி போதும். 1953க்குத் திரும்பிப் போக யாராலும் முடியாது. ஆனால் புதுத் தகட்டை அடுத்த வருஷம் மறுபடி எடுக்கலாம். அவர் இருந்தால் எடுக்கலாம். ஆகவே புதுத் தகடு இரண்டையும் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். படப் பூச்சைக் கரைக்க அண்டாவில் சலவைச் சோடா போட்ட தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. தகடுகளைத் தட்டையான பாத்திரத்தில் வைத்து, ஒரு செம்பு மொண்டு ஊற்றினாள்.

டப் என்று ஒரு சத்தம், உடனே இன்னொன்று. புதுக் கண்ணாடி மெல்லிசு. பெட்டிக்குள் பனிக்கட்டியாகக் கிடந்தது. இரண்டும் குறுக்கே விரிசல் விட்டுவிட்டன.

சில்லிட்ட தகட்டைச் சூடான கையால்கூடத் தொடக்கூடாது என்று வேலைக்கு வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுத்தவள் அவள். அப்படித் தொட்ட ஒருத்தியை அழ வைத்திருக்கிறாள். இன்று தானே கொதிக்கும் தண்ணீரை ஊற்றிவிட்டாள். செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பழைய தகடுகள் பெட்டியில் பத்திரமாக இருந்தன. இந்தச் சண்டை ஓய்ந்தபிறகு, வேறு நாட்டில், வேறு கருவியில் யாராவது அதே வானத்தைப் பிடித்து இவற்றோடு சேர்த்து அளக்க முடியும். அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் உள்ளே போனாள். அவர் மூச்சு கரகரவென்று இழுத்துக்கொண்டிருந்தது. பழைய தகடுகளை எடுத்துவந்தாள். இந்த முறை தண்ணீரை விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவைத்தாள். கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். தடித்த கண்ணாடி தாங்கியது. மேலே இருந்த பூச்சு பாலாடை போல ஓரத்திலிருந்து சுருண்டு வந்தது. வலது கண்ணால் முப்பது வருஷம் பார்த்த நட்சத்திரங்கள். எது எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அவற்றைக் கைவிரலால் வழித்து எடுத்தாள். அழுகை வரவில்லை. பின்னால் வரும் என்று அவளுக்குத் தெரியும். கறுத்த தண்ணீரை வாசலில் இருந்த ஆப்ரிகாட் மரத்தடியில் கொட்டினாள்.

கண்ணாடிகளைச் சட்டத்தில் பொருத்தியபோது கீறிய எண் கண்ணில் பட்டது. அது வெந்நீருக்கா போகும்? தவிட்டு மாவில் சுண்ணாம்பு கலந்து பிசைந்து, எண் இருந்த மூலை மறையும்படி தடிமனாக அப்பிவிட்டாள். விரிந்த தகடுகளைப் பள்ளத்தில் எறிந்தாள். பெட்டியில் பாரத்துக்கு இரண்டு செங்கல் வைத்து மூடி, பழைய இடத்தில் தள்ளிவிட்டாள்.

மறுநாள் காலை வெயில் கட்டிலில் விழுந்தது. சாஹிப்நசர் கையை நீட்டி வெயிலில் வைத்து, புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"ஏது கண்ணாடி?"

"காவக்கார கொமில் குடுத்தார். கீழ பள்ளிக்கூடம் இடிஞ்சுதுல்ல, அங்கேர்ந்து எடுத்தாராம்."

"கொமிலா? ஒரு ஆணி குடுக்க ஒம்போது நாள் யோசிப்பானே!"

"சாகப்போறார்னு சொன்னேன். குடுத்துட்டார்."

"நல்லா சொன்னே போ" என்று சிரிக்கப் பார்த்து இருமினார். அன்று அரைக் கிண்ணம் ஷூர்பா இறங்கியது. ஒரு வாரத்தில் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்தார். ரோஹத் வந்து கேட்டுவிட்டு, "நெஞ்சு கொஞ்சம் தெளிஞ்சிருக்கு ஆபா" என்றாள். ஜனவரியும் பிப்ரவரியில் பாதியும் அப்படிப் போயின. அந்த நாட்கள்தான் மஸ்தூராவின் வாழ்க்கையிலேயே சந்தோஷமானவை என்றால் யாரும் நம்பமாட்டார்கள். திருடிய சந்தோஷம்தான், இருந்தாலும் சந்தோஷம். நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருந்தார். அவர் நாள் முழுக்க வீட்டில் இருந்ததே அப்போதுதான்.

குருவிதான் எல்லாவற்றையும் கெடுத்தது. அந்தப் பஞ்சத்தில் குருவிக்கும் தீனி கிடைக்கவில்லை. ஜன்னல் ஓரத்துத் தவிட்டு மாவைக் கண்டுபிடித்துவிட்டது. "பாரேன், உன் சமையலுக்கு ஒரு ரசிகர்" என்று சாஹிப்நசர் காட்டினார். மஸ்தூராவுக்கு உயிரே போய் வந்தது. வெளியே ஓடி விரட்டினாள், மறுபடி மாவு அப்பினாள். மறுநாளும் வந்தது. "விடு மஸ்தூரா, தின்னுட்டுப் போகுது. எனக்கும் பொழுது போகுது" என்றார். மாவும் தீர்ந்துபோயிருந்தது.

ஒரு நாள் காலை அவள் தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பியபோது அவர் ஜன்னலின் மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் பட்டு அந்த இடம் மினுங்கியது.

"மஸ்தூரா, அங்க என்ன எழுதியிருக்கு?"

"எங்க?"

"உன் கண்ணுக்குத் தெரியாதா? படி."

அவள் வாளியைக் கீழே வைத்தாள்.

"பெட்டியை எடு."

"வேணாம் முஅல்லிம்."

"எடுங்கிறேன்ல."

எடுத்தாள். திறந்தாள். அவர் செங்கல்லைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"புதுசு ரெண்டும் எங்க?"

"வெந்நீர் பட்டு விரிஞ்சிடுச்சு. அதைத்தான் முதல்ல..."

"சில்லிட்ட கண்ணாடியில வெந்நீரா? நீயா ஊத்துனே?"

"அவசரத்துல..."

"அப்படி என்ன அவசரம் உனக்கு?"

"நீங்க செத்துக்கிட்டு இருந்தீங்க!"

"என் உசிரைக் காப்பாத்துன்னு நான் கேட்டேனா?"

"நீங்க கேக்கலை. நான் கேட்டேன். எனக்கு வேணும்னு நான்தான் கேட்டேன்."

அவர் கஷ்டப்பட்டுப் புரண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

அதற்குப் பிறகு அவளோடு பேசவில்லை. கொடுத்ததைச் சாப்பிட்டார், அதுவரைக்கும் இரக்கம் வைத்தார். ஏதாவது வேண்டுமென்றால் ரோஹத் வரும்வரை காத்திருந்து, "அவகிட்ட சொல்லு" என்பார். அவள் அதே அறையில்தான் நின்றுகொண்டிருப்பாள். ரோஹத் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் கத்தியே விட்டாள். "அகா, உங்களுக்கு வெட்கமா இல்ல? அந்தக் கண்ணாடி இல்லாட்டி ஜனவரியிலயே உங்களைப் பொதைச்சிருப்போம். அது குடுக்கிற வெயில்ல படுத்துக்கிட்டே அவகிட்ட மொறைச்சுக்கிறீங்க!" அவர் கண்ணை மூடிக்கொண்டார். மஸ்தூரா அவள் வாயைப் பொத்தி வெளியே கூட்டிப் போனாள். ஆனால் ரோஹத் கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. நல்ல மனுஷர்களின் பிடிவாதத்துக்கு மருந்தே கிடையாது. கெட்டவனாக இருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டுச் சோறு போடு என்று கேட்டிருப்பான்.

மார்ச் முழுக்க அவள் தினமும் ஏதாவது பேசிப் பார்த்தாள். கோபப்பட்டாள், கெஞ்சினாள், அவர் காலடியில் உட்கார்ந்து அழுதாள். சுவரோடு பேசியது போலத்தான். ஏப்ரலில் மரம் பூத்தது. அவருக்கு மறுபடி நெஞ்சில் சளி கட்டியது. இந்த முறை வெயிலுக்கு அது கேட்கவில்லை. ஒரு மத்தியானம் அவர் தலையைத் திருப்பாமலே கேட்டார்.

"அந்தத் தண்ணியை எங்க ஊத்துனே?"

இரண்டு மாதத்தில் முதல் வார்த்தை.

"வாசல்ல. மரத்தடியில."

"கறுப்பா இருந்துச்சா?"

"ஆமா முஅல்லிம். கரி கழுவின தண்ணி மாதிரி."

"ம்" என்றார். இன்னும் ஏதோ சொல்லப்போகிறார் என்று அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். சாயங்காலம்வரை காத்திருந்தாள். பொழுது சாயும் நேரத்தில் ரோஹத் வந்து தொட்டுப் பார்த்து, அவர் கண்களை மூடிவிட்டாள்.

அதன்பின் மஸ்தூரா இருபத்தைந்து வருஷம் தனியாக இருந்தாள். கூடம் மறுபடி திறக்கவில்லை. குடியிருப்புக் குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தாள், ஆடு வளர்த்தாள். ஆப்ரிகாட் பழத்தை மட்டும் தின்னமாட்டாள். ஊரிலிருந்து தம்பி மகன் வந்து ஜன்னலைப் பிளாஸ்டிக் சட்டத்துக்கு மாற்றித் தருவதாக ஒவ்வொரு வருஷமும் கேட்பான், வேண்டாம் என்பாள். தான் செய்தது தப்பா சரியா என்று அவள் தினமும் அந்தக் கண்ணாடிகளுக்கு முன்னால் நின்று யோசித்தாள். அவர் பேசாமல் போனதால் தப்பு என்றுதான் தீர்ப்பு ஆகியிருந்தது.

2018இல் நகரத்துப் பல்கலைக்கழகத்திலிருந்து ஃபர்சோனா என்ற இளம் ஆசிரியை வந்தாள். பழைய கூடத்தில் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க வந்தவள், தேநீர் குடிக்க மஸ்தூரா வீட்டில் உட்கார்ந்தாள்.

"ஆபா, கேள்விப்பட்டீங்களா? விண்வெளியில ஒரு செயற்கைக்கோள் விட்டிருக்காங்க. நட்சத்திரங்க எந்தப் பக்கம் போகுதுன்னு அளக்குறதுதான் அதுக்கு வேலை. ஆயிரம் கோடி வருஷத்துக்கு முன்னாடி நம்ம பால்வீதி இன்னொண்ணை முழுங்கியிருக்காம். அதோட நட்சத்திரங்க இன்னமும் நம்ம தலைக்கு மேலயே சுத்துது. நிறைய எதிர்த்திசையில போகுது."

மஸ்தூராவின் பாதி மூடிய கண் முழுதாகத் திறந்தது. "எதிர்த்திசையில?"

"ஆமா. பழைய நட்சத்திரங்க. இரும்பு கம்மி."

"எத்தனை வருஷம் அளந்தாங்க?"

"இந்தக் கணக்குக்கா? ரெண்டு வருஷம்கூட இல்லை."

மஸ்தூரா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பிறகு, ரோஹத்தைத் தவிர யாருக்கும் தெரியாத கதையை, அந்தப் பெண்ணிடம் நாலு வாக்கியத்தில் சொன்னாள். கடைசியில் கேட்டாள்: "அந்தத் தகடுங்க இருந்திருந்தா, அவர் அன்னிக்கே கண்டுபிடிச்சிருப்பாரா?"

ஃபர்சோனா தயங்கினாள். பொய் சொல்லத் தெரியாத பெண். "இல்ல ஆபா. ரெண்டு துண்டு வானத்துல அது தெரியாது. கோடிக்கணக்கா அளந்துதான் இப்போ தெரிஞ்சுது. அவருக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும், அவ்வளவுதான்."

அவளை வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு மஸ்தூரா உள்ளே வந்தாள். அவர் சொன்னது சரி என்று தெரிந்ததில் சந்தோஷம் வரும் என்று எதிர்பார்த்தாள். வந்தது கோபம். ஜன்னலுக்கு முன்னால் போய் நின்றாள். மூலையில் அந்த எண் மினுங்கிக்கொண்டிருந்தது.

"கேட்டீங்களா முஅல்லிம்?" என்றாள். "நீங்க சொன்னது சரியாம். நீங்க இல்லாம, நான் இல்லாம, நம்ம தகடு இல்லாம யாரோ வந்து அளந்துட்டுப் போயிட்டாங்க. நட்சத்திரம் எங்கயும் போயிடலை. அங்கயேதான் இருந்துச்சு. அந்த ரெண்டு மாசம்தான் போயிடுச்சு. என்னை ரெண்டு வார்த்தை திட்டியாவது தொலைச்சிருக்கக் கூடாதா?"

பிறகு தம்பி மகனுக்குப் போன் போட்டு, வந்து ஜன்னலை மாற்றிவிட்டுப் போகச் சொன்னாள்.